பாலைவன ஊருக்கு வெள்ள வரைபடம் போடுவது எப்படி: முதல் நடையிலிருந்து கஸ்ரா பட்டியல் வரை

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், பார்மேர், ஜெய்சல்மேர் பக்கம், ஐயாயிரம் பேரிலிருந்து இருபதாயிரம் பேர் வரை வாழ்கிற சின்ன ஊர்களுக்கு நிலப் பயன்பாட்டு வரைபடம் போடும் வேலைக்குப் புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். மழைப் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். பார்மேரில் வருடத்துக்கு 270, 280 மி.மீ. என்று இருக்கும், ஜெய்சல்மேரில் அதைவிடக் குறைவு. ‘இதுல என்ன வெள்ளம்’ என்று அந்த அத்தியாயத்தை ஒரு பத்தியில் முடித்துவிட்டுக் குடிநீருக்குத் தாவிவிடுவார்கள். நானும் முதல் ஊருக்கு அப்படித்தான் செய்தேன். நான் குடியிருப்பு என்று மஞ்சள் அடித்த இடத்தில், அதே வருடம் ஆவணியில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. முட்டியளவுதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வரைபடத்தை இப்போதும் வைத்திருக்கிறேன்.

கீழே இருப்பது இப்போது நான் வேலை செய்கிற வரிசை. ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் விடை தேவைப்படும் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தரை உயரத் தரவுக்கு இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோடெம் கிடைக்கும், அதோடு எஸ்ஆர்டிஎம், கோப்பர்நிக்கஸ் என்ற வேறு இரண்டு உயரத் தரவுகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று எதற்கு என்றால், எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் எடுத்தது, மற்றவை அதற்குப் பிந்தியவை, நடுவில் மணற்குன்று நகர்ந்திருக்கும். மூன்றிலும் ஒரே இடத்தில் தெரிகிற பள்ளத்தை நம்பலாம். ஒன்றில் மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சர்வே ஆஃப் இந்தியாவின் 50,000-க்கு ஒன்று அளவு வரைபடம், எவ்வளவு பழசு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. இன்றைக்குச் செயற்கைக்கோள் படத்தில் தெரியாத வறண்ட ஓடைகளைப் பழைய சர்வேயர்கள் நடந்துபோய் வரைந்து வைத்திருப்பார்கள்.

களத்துக்கு ஒரு மண்வெட்டி, அளவு நாடா, ஆட்டோ லெவல் என்கிற மட்டம் பார்க்கும் கருவி (இல்லையென்றால் கொத்தனார்கள் வைத்திருக்கிற தண்ணீர் ட்யூப்), ஜிபிஎஸ் உள்ள கைப்பேசி. எல்லாவற்றையும்விட முக்கியம் மார்வாடி பேசத் தெரிந்த ஒரு உள்ளூர் ஆள். உங்கள் இந்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுபது வயதுப் பாட்டியிடம் அது உதவாது.

போக வேண்டிய மாதம் செப்டம்பர் கடைசி, அக்டோபர். மழை ஓடின தடம் அப்போது பச்சையாக இருக்கும். மே, ஜூனில் போனால் புழுதிக்காற்று எல்லா ஓடையையும் மூடி மட்டமாக்கியிருக்கும், ‘இங்க ஓடையே இல்லை’ என்று எழுதிவிட்டு வருவீர்கள்.

2. ஊர் எல்லையை மறந்துவிட்டு நீர்ப்பிடிப்பை வரையுங்கள்

பஞ்சாயத்து கொடுத்த ஊர் எல்லையைத் திரையில் போட்டு அதற்குள்ளேயே வேலையைத் தொடங்குவது மிக வழக்கமான தப்பு. ஊருக்குள் ஒரு சொட்டு மழை இல்லாமலே வெள்ளம் வரும். இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறை மேட்டில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும்.

உயரத் தரவை வைத்து, ஊரின் மிகத் தாழ்வான இடத்துக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வர முடியும் என்று மேல்நோக்கி வரைந்துகொண்டே போங்கள். க்யூஜிஐஎஸ் இதைத் தானாகவே செய்து தரும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. நீர்வழி காண்பதற்கு முன் பள்ளங்களை நிரப்பச் சொல்லி மென்பொருள் கேட்கும், எல்லா யூடியூப் பாடமும் நிரப்பச் சொல்லும். மலைநாட்டில் அது சரி, ஏனென்றால் அங்கே பள்ளம் என்பது பெரும்பாலும் தரவுப் பிழை. தார் பாலைவனத்தில் பள்ளம் நிஜம், தண்ணீர் போய்ச் சேர்ந்து மாதக்கணக்கில் நிற்கும் இடமே அதுதான். நிரப்பிவிட்டால் ஊரின் ஆபத்தான இடத்தை நீங்களே அழித்த மாதிரி. நிரப்பியது ஒன்று, நிரப்பாதது ஒன்று என இரண்டு பதிப்பு வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் வருகிற இடமெல்லாம் தண்ணீர் தேங்க வாய்ப்புள்ள இடம். அதில் பாதி பிழையாக இருக்கும், பரவாயில்லை, களத்தில் வடிகட்டிக்கொள்ளலாம்.

3. ஊர் சரிவில் இருக்கிறதா, கிண்ணத்தில் இருக்கிறதா

அடுத்த எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியில் பிரிகின்றன.

சரிவு ஊர் என்றால் மலையடிவாரம், பள்ளத்தாக்கு வாய் திறந்து கல்லும் மண்ணும் விசிறி மாதிரி பரவியிருக்கிற இடம். இங்கே ஆபத்து வேகம். லடாக்கின் லே நல்ல உதாரணம், அது குளிர்ப் பாலைவனம். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி வந்த சேற்றுக் கல் ஓட்டத்தில் இருநூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். பக்கத்திலுள்ள சோக்லம்சர் பகுதிக்குத்தான் அடி மிக அதிகம், வண்டல் விசிறியின் மேல் சமீப காலத்தில் வளர்ந்த குடியிருப்பு அது.

கிண்ண ஊர் என்றால் சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம், வெளியேற வழியில்லை. இங்கே ஆபத்து நாட்கள். பார்மேர் பக்கத்து கவாஸ் கிராமத்தில் 2006 ஆகஸ்டில் நடந்தது இதுதான். சில நாட்களில் மாவட்டத்தின் ஒரு வருடச் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை, மாவட்டம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட மரணம். மழை நின்ற பிறகும் தண்ணீர் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. மேல் மணலுக்குக் கீழே ஜிப்சம் படுகை, தண்ணீர் இறங்கவில்லை.

சரிவு ஊரில் உயரமாகக் கட்டி எந்தப் பிரயோஜனமும் இல்லை, தள்ளித்தான் கட்ட வேண்டும். கிண்ண ஊரில் தள்ளிக் கட்டியும் பயனில்லாமல் போகலாம், உயரமாகத்தான் கட்ட வேண்டும். இதை முடிவு செய்யாமல் இரண்டு ஊருக்கும் ஒரே விதியை நகல் எடுத்து ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி ஊர் சரிவு, பாதி கிண்ணம் என்றும் இருக்கும், அப்போது ஊரை இரண்டாகப் பிரித்து வேலை செய்யுங்கள்.

4. பட்வாரியின் காகிதம்

பட்வாரி என்பவர் நம்ம ஊர் வி.ஏ.ஓ. மாதிரி. அவரிடம் இரண்டு கேளுங்கள். ஒன்று கஸ்ரா எண்கள் போட்ட கிராம வரைபடம். கஸ்ரா என்றால் சர்வே எண். இன்னொன்று ஜமாபந்தி என்கிற நிலப் பதிவேடு, அதில் ஒவ்வொரு கஸ்ராவுக்கும் நில வகை எழுதியிருக்கும். ராஜஸ்தான் அரசின் அப்னா காதா தளத்தில் இணையத்திலும் பார்க்கலாம். ஆனால் அங்கே இருப்பது இன்றைய நிலை. உங்களுக்குத் தேவை பழையது, எனவே நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

தேட வேண்டிய சொல் ‘கைர் மும்கின்’. பயிரிட இயலாதது என்று பொருள். கைர் மும்கின் நதி, கைர் மும்கின் நாலா, கைர் மும்கின் நாடி, ஆகோர். நாடி என்பது குளம் (நம் பேச்சிலுள்ள நதி என்று குழம்பிவிடாதீர்கள், நான் ஒரு வாரம் குழம்பினேன்), ஆகோர் என்பது அதன் நீர்ப்பிடிப்புத் தரை. நம் பக்கம் நீர்நிலைப் புறம்போக்கு என்று சொல்வதற்கு ஏறத்தாழ இணை.

அந்த எண்களையெல்லாம் வரைபடத்தில் நீல வண்ணம் அடியுங்கள். ஒரு வறண்ட ஓடை ஊரின் ஒரு பக்கம் நுழைந்து, நடுவில் காணாமல் போய், மறுபக்கம் மறுபடி தோன்றும். நடுவில் காணாமல் போன துண்டு எப்போதோ வகை மாற்றப்பட்டிருக்கும். தண்ணீருக்கு அந்த மாற்றம் தெரியாது, பழைய வழியில்தான் வரும்.

இந்தப் படியை இவ்வளவு சீக்கிரம் வைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். ராஜஸ்தான் குத்தகைச் சட்டம் 1955-ன் 16-ஆம் பிரிவின்படி, ஆற்றுப்படுகை, குளம் போன்ற நிலங்களில் தனியாருக்குக் காதேதாரி உரிமை, அதாவது நிலத்தை நிரந்தரமாக அனுபவிக்கும் உரிமை, பிறக்காது. 2004 ஆகஸ்டில் அப்துல் ரகுமான் வழக்கில் ஜோத்பூரில் உள்ள ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், நீர்வழிகளும் நீர்ப்பிடிப்புகளும் 1947 ஆகஸ்ட் 15-இல் இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றது. ஆக, உங்கள் நீலத் துண்டு பழைய பதிவேட்டில் இருந்தால் பின்னால் வாதாடுவது பாதியாகக் குறையும். எதுவும் இல்லாமல் ‘என் கணினி சொல்கிறது’ என்று போய் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

5. பெரியவர்களிடம் கேட்பது

‘இங்க வெள்ளம் வருமா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். பொய் இல்லை. அவர்கள் வாழ்க்கையில் அறுபது வருடமும் வறட்சிதான் கவலை, வெள்ளம் வந்தது இரண்டு மூன்று தடவை. தண்ணீர் வந்ததே என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. அதுவும் நீங்கள் அரசு ஆள், நிலத்தைப் பிடுங்க வந்திருக்கிறீர்கள் என்று சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் பெயராது.

‘ராம் ராம் சா’ சொல்லி உட்காருங்கள், சாய் வரும், குடியுங்கள். அப்புறம் சம்பவமாகக் கேளுங்கள். 2006-இல் எங்கே இருந்தீர்கள்? தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது? பகலா, ராத்திரியா? ஆடுகளை எங்கே ஓட்டினீர்கள்? எத்தனை நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பினீர்கள்? சுவரில் எது வரை ஏறியது, கையால் காட்ட முடியுமா? 1979, 2017 பற்றியும் கேளுங்கள், லூனி ஆற்றுப் பகுதி முழுக்க அந்த வருடங்கள் நினைவில் இருக்கும்.

கையால் காட்டினவுடன் அங்கேயே அளந்துவிடுங்கள். ஒரு வீட்டில் ஒரு தாத்தா சுவரைக் காட்டாமல், முற்றத்தில் நின்ற கேஜ்ரி மரத்தின் ஒரு கவட்டைக் காட்டினார். ‘பெட்டியைக் கொண்டுபோய் இதுல வச்சேன், அடியில தண்ணி பட்டுச்சு’ என்றார். தரையிலிருந்து 1.7 மீட்டர். பக்கத்து இரண்டு வீட்டில் சொன்ன அளவோடு ஒரு சாண் வித்தியாசம்தான். நினைவுக்கு ஒரு பொருளைப் பிடிமானமாகக் கொடுத்தால் அளவு சரியாக வருகிறது, அதனால் ‘எத்தனை அடி’ என்று கேட்காமல் ‘எதைத் தொட்டது’ என்று கேளுங்கள்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், முடிந்தால் பெண் ஊழியரை அனுப்பி. எத்தனை நாள் நின்றது, டாங்காவில் (மழைநீர் சேர்த்துவைக்கும் நிலத்தடித் தொட்டி) உப்புத் தண்ணீர் எப்போது கலந்தது, எங்கே அடுப்பு மூட்டினோம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இடப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘சர்’ என்று முடிகிற பெயர் இந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு நீர்நிலையைச் சொல்கிறது. பெயர் மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், ஆனால் ‘நாடி’ என்று பெயர் வைத்த தெருவில் குளம் எங்கே என்று கேட்காமல் போகாதீர்கள்.

6. நடந்து பாருங்கள், தோண்டிப் பாருங்கள்

ஓடையைக் கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். விசிறியில் மேலிருந்து இறங்கினால் பிரிகிற இடத்தில் எந்தக் கிளையில் போவது என்று திணறுவீர்கள்.

பார்க்க வேண்டியவை: புதர்களில் மாட்டிய குப்பை எந்த உயரத்தில் இருக்கிறது. விலாயத்தி பபூல் என்று அங்கே சொல்வது நம் சீமைக்கருவேலம்தான், அதன் முள்ளில் பாலித்தீன் பை மாட்டினால் வருடக்கணக்கில் போகாது, இலவச வெள்ள அளவுகோல். (காற்றில் பறந்து மாட்டியதும் இருக்கும். வைக்கோல், ஆட்டுப் புழுக்கையோடு சேர்ந்து ஒரே பக்கமாக இறுகியிருந்தால்தான் தண்ணீர் கொண்டுவந்தது.) பள்ளத்தில் களிமண் ஓடு ஓடாக வெடித்துச் சுருண்டிருந்தால் அங்கே தண்ணீர் அசையாமல் நின்றிருக்கிறது. சரிவு ஊரில் கற்களின் நிறத்தைப் பாருங்கள். ரொம்ப காலம் அசையாத கல் மேல் கருமை படர்ந்து மினுங்கும். வெளுத்த கல் சமீபத்தில் உருண்டு வந்தது. கறுப்புப் பரப்பு, வெள்ளைப் பரப்பு என்று பிரித்து வரைந்தாலே விசிறியின் எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது என்று பெருமளவு தெரிந்துவிடும்.

அப்புறம் தோண்டுங்கள். ‘மணல் குடிச்சிடும் சார்’ என்று எல்லோரும் சொல்வார்கள். மணற்குன்று நிஜமாகவே குடிக்கும். ஆனால் ஊர்கள் இருப்பது குன்றின் மேல் இல்லை, நடுவிலிருக்கிற தட்டையில். அங்கே மழைத்துளி அடித்து அடித்து மேல்மண்ணில் மெல்லிய ஓடு கட்டிவிடும், கால் மிதிபட்ட இடத்தில் இன்னும் மோசம். கீழே ஜிப்சமோ சுண்ணாம்புக் கட்டியோ இருந்தால் முடிந்தது கதை.

ஊருக்கு ஆறேழு இடத்தில் ஒன்றரை மீட்டர் குழி போடுங்கள். மண்வெட்டி ‘டங்’ என்று சொல்லும் ஆழத்தைக் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் சின்னக் குழி போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். முதல் தடவை இறங்குவதை அளக்கக் கூடாது, காய்ந்த மண் எதையும் உறிஞ்சும். வடிந்ததும் மறுபடி நிரப்பி, அரை மணியில் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று பாருங்கள். அந்த எண்தான் நிஜம். அதைச் செய்ய ஊரில் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கும், குடிநீர் டாங்காவிலிருந்து கேட்காதீர்கள், டிராக்டர் டாங்கரைக் காசு கொடுத்து வரவழையுங்கள். பாலைவனத்தில் குழியில் ஊற்றத் தண்ணீர் கேட்பவனை யாரும் மறக்க மாட்டார்கள்.

7. குறுக்கே நிற்கிறவை, அப்புறம் மழைக் கணக்கு

இப்போதுதான் கால்குலேட்டரை எடுக்கலாம். அதற்கு முன் சாலை, தண்டவாளம், கால்வாய்க் கரை, மதில் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றுங்கள். தட்டையான நாட்டில் ஒரு மீட்டர் உயரச் சாலை என்பது ஒரு அணை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சாலைக்கு மேல்பக்கம் 400 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு. மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை என்று வைத்துக்கொள்வோம். ஓடு கட்டிய தரை, பத்தில் நான்கு பங்கு ஓடி வரும். 0.4 × 60 × 400 ÷ 360 (360 அலகு மாற்றத்துக்கு), அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 27 கன மீட்டர். சாலைக்குக் கீழே ஒரு மீட்டர் விட்டத்தில் இரண்டு ஹியூம் பைப். தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனாலும் இரண்டும் சேர்ந்து 3 கன மீட்டர்தான் கடத்தும், அதுவும் மணல் அடைக்காமல் இருந்தால். மிச்சம் 24 சாலைக்கு மேல்பக்கத்து வீடுகளில் ஏறும், அல்லது சாலையை உடைத்துக்கொண்டு கீழ்பக்கத்து வீடுகளுக்கு ஒரேயடியாகப் போகும். ஐந்து நிமிடத் தோராயக் கணக்கு இது, ஆனால் 27-க்கும் 3-க்கும் நடுவே இருக்கிற தூரத்தை நுணுக்கமான மாதிரி எதுவும் மாற்றப்போவதில்லை.

பழைய சாலைகளில் ரபட் இருக்கும், நம் தரைப்பாலம் மாதிரி, சாலையே ஓடையில் இறங்கி ஏறும். வருடத்தில் இரண்டு நாள் போக்குவரத்து நிற்கும், மற்றபடி தண்ணீருக்குத் தடையில்லை. ‘மேம்படுத்துகிறோம்’ என்று அதை உயர்த்திக் குழாய் வைத்த ஒவ்வொரு இடத்தையும் சிவப்புப் புள்ளியால் குறியுங்கள். சூரிய மின்பண்ணைகளின் சுற்றுமதிலையும் விடாதீர்கள். பலகைகள் கம்பத்தில் நிற்கும், அடியில் தண்ணீர் போகும். மதில்தான் பிரச்சினை.

மழைமானியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லே பேரழிவின்போது அங்கிருந்த அதிகாரப்பூர்வ மானியில் பதிவானது வெறும் 12.8 மி.மீ. ஒரு சில கிலோமீட்டர் தள்ளிக் கொட்டியது, மானி அதைப் பார்க்கவே இல்லை. அதனால் ‘பதிவான அதிகபட்ச மழை’ என்ற எண்ணைப் பாலைவனத்தில் மேல் எல்லையாக வைக்காதீர்கள்.

செயற்கைக்கோளும் இதே மாதிரிதான். 1984 முதலான லேண்ட்சாட் படங்களை வைத்து ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் போட்ட நீர்ப்பரப்பு வரைபடம் கிண்ண ஊருக்கு ரொம்ப உதவும், மாதக்கணக்கில் நின்ற நீர் அதில் விழுந்திருக்கும். சரிவு ஊருக்கு அது வெறுமையாக இருக்கும். 16 நாளுக்கு ஒருமுறை கடக்கிற கண்ணுக்கு மூன்று மணி நேர வெள்ளம் படாது.

8. மட்டம் எடுங்கள்

இலவச உயரத் தரவில் சில மீட்டர் பிழை சாதாரணம். கிண்ண ஊரில் வீடு முழுகுவதற்கும் தப்பிப்பதற்கும் நடுவே அரை மீட்டர்தான். எனவே ஆட்டோ லெவலோடு மூன்று கோடு நடக்க வேண்டும்: பள்ளத்தின் அடியிலிருந்து மேடு வரை ஒன்று, ஊரின் பிரதானத் தெரு வழியே ஒன்று, சாலை மேல்மட்டத்தில் ஒன்று. ஐந்தாம் படியில் அளந்த சுவர்க் குறிகள் எல்லாவற்றையும் இந்தக் கோடுகளோடு இணையுங்கள். அசையாத ஒன்றை, பள்ளிக்கூடப் படி, கோயில் மேடை, தொடக்கப் புள்ளியாக வையுங்கள்.

சுவர்க் குறிகளெல்லாம் ஒரே மட்டத்தில் வந்தால் அது நின்ற நீர். ஒரு பக்கமாகச் சரிந்து வந்தால் ஓடிய நீர். மூன்றாம் படியில் எடுத்த முடிவு சரியா என்று இங்கே தெரியும். எனக்கு இரண்டு தடவை தப்பாக இருந்தது.

9. கோடு போடுவது

எங்கே கட்டலாம் என்று தொடங்காதீர்கள். முதலில் கட்டக்கூடாத இடம், கடைசியில் மிச்சம். மாற்றிச் செய்தால் மனை விற்கிறவர்கள் விரும்பும் இடம் முதலில் நிரம்பிவிடும், தண்ணீருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

சிவப்பு: கிண்ண ஊரில், நினைவில் உள்ள உச்ச நீர்மட்டத்தில் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் நின்ற தரை முழுக்க. சரிவு ஊரில், வெளுத்த கல் பரப்பு முழுக்க, பள்ளத்தாக்கு வாய்க்கு நேர் எதிரே உள்ள துண்டு, இன்றைக்கு ஓடை அங்கே இல்லையென்றாலும். விசிறியில் ஓடை இடம் மாறும், ஒரு வெள்ளத்தில் இடது, அடுத்ததில் வலது.

ஓடைக்கரைக்குத் தனியாக விலக்கு வேண்டும். அமெரிக்காவின் டூசான் என்கிற பாலைவன நகரத்தில், 1983 அக்டோபரில் சாண்டா குரூஸ் ஆறு பெருகியபோது, மூழ்கியதைவிடக் கரை அரிந்து விழுந்ததுதான் பெரிய சேதம். வெள்ளக் கோட்டுக்கு வெளியே, உலர்ந்து நின்ற கட்டடங்கள் கரையோடு ஆற்றில் சரிந்தன. தாரின் ஓடைக்கரையும் பிடிப்பில்லாத மணல்தான். நான் வைத்திருக்கிற கைக்கணக்கு, ஓடை அகலத்தைப் போல மூன்று மடங்கு, குறைந்தது 30 மீட்டர், வளைவின் வெளிப்பக்கம் அதன் இரட்டிப்பு. அதிகம் என்று சண்டைக்கு வருவார்கள். வளைவின் வெளிப்பக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மஞ்சள்: ஒரு மீட்டருக்குக் கீழே தண்ணீர் நின்ற தரை. கட்டலாம், நிபந்தனையோடு. பேஸ்மட்டம் உச்சக் குறிக்கு மேல் 60 சென்டிமீட்டர். அது வரைக்கும் கல் அல்லது சுட்ட செங்கல்; பச்சை மண் சுவர் நின்ற நீரில் இரண்டு நாளில் கரைந்து கூரையோடு உட்காரும். சுற்றுமதில் கிடையாது, கம்பி வேலி மட்டும். டாங்காவின் வாயும் குறிக்கு மேலே இருக்க வேண்டும். இதை எல்லோரும் மறக்கிறார்கள். வீடு தப்பித்தும் குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டால், சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு குடம் இல்லை என்று ஆகிவிடும்.

மருத்துவமனை, துணைமின் நிலையம், தொலைபேசிக் கோபுரம், பள்ளி இவை மஞ்சளில்கூட வேண்டாம். லேயில் மருத்துவமனையும் தொலைத்தொடர்பு நிலையமும் சேர்ந்தே அடிபட்டன, வெளியே சொல்லவும் வழியில்லை, காயம்பட்டவரைச் சேர்க்கவும் இடமில்லை.

சிவப்புக்கு ஒரு வேலை கொடுங்கள், இது விதி எழுதுவதைவிட முக்கியம். வெறுமனே ‘தடை’ என்று விட்டால் இரண்டு வருடத்தில் குப்பைமேடு, நான்கு வருடத்தில் குடிசை, பத்து வருடத்தில் பட்டா. மேய்ச்சல் நிலம், நாடியின் ஆகோர், விளையாட்டு மைதானம், வாரச்சந்தை. ஜெய்சல்மேர் பக்கம் கடீன் என்று ஒரு முறை உண்டு. சரிவின் அடியில் நீளமாக மண்கரை போட்டு வெள்ளத்தைத் தேக்கி, வடிந்த ஈரத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். சிவப்பு நிலத்துக்கு அதைவிட நல்ல காவல்காரன் கிடையாது, ஏனென்றால் அறுவடை வருகிற நிலத்தில் மனைக்கல் நட விவசாயி விடமாட்டார்.

10. கோட்டைப் பட்டியலாக மாற்றுங்கள்

வண்ண வரைபடத்தோடு நிறுத்தியவர்கள்தான் அதிகம். வரைபடத்தைத் தாசில் அலுவலகத்தில் யாரும் பார்ப்பதில்லை. ராஜஸ்தான் நில வருவாய்ச் சட்டம் 1956-ன் 90-ஏ பிரிவில் விவசாய நிலத்தை மனையாக்க விண்ணப்பம் வரும்போது மேஜையில் இருப்பது கஸ்ரா எண்தான். எனவே உங்கள் கடைசிச் சரக்கு ஒரு அட்டவணை: கஸ்ரா எண், முழுதாகவா பகுதியாகவா, எந்த வண்ணம், ஏன், பேஸ்மட்டம் பள்ளிக்கூடப் படியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே. ‘கடல்மட்டத்திலிருந்து 187.4 மீட்டர்’ என்று எழுதினால் எந்தக் கொத்தனாருக்கும் புரியாது.

‘ஏன்’ என்ற பத்தியில் சாட்சியத்தைச் சுருக்கமாக எழுதுங்கள்: பழைய ஜமாபந்தியில் நாலா, 2006 குறி 1.2 மீட்டர், 70 செ.மீ.யில் ஜிப்சம். நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு வருகிறவர் இதை வைத்துத்தான் வாதாட வேண்டும். அட்டவணையை இந்தியிலேயே கொடுங்கள்.

கிராம சபையில் படிக்கும்போது ஒரு கஸ்ரா தப்பு என்று யாராவது எழுந்தால் அங்கேயே ஒத்துக்கொண்டு மறுநாள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும், இல்லாவிட்டாலும் அளக்கும்போது கூட நின்றால் சண்டை குறையும்.

11. ராத்திரியில் ஓடும் வழி

ஏற்கெனவே சிவப்பில் வாழ்கிறவர்களை உங்கள் வரைபடம் நாளைக்கே நகர்த்தப் போவதில்லை. அவர்களுக்கு ஒரு மேடும் அதற்கு ஒரு வழியும் குறியுங்கள், ஓடையைக் கடக்காத வழியாக. இருட்டில், மின்சாரம் இல்லாமல், ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு நீங்களே நடந்து நேரம் பாருங்கள். கணினி எட்டு நிமிடம் என்ற ஒரு வழி எங்களுக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது, நடுவில் ஒரு புதிய மதில்.

மேட்டில் ஒரு டாங்கா, ஒரு கூரை. ஆடு மாடுக்கும் இடம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள்.

கிளம்பும் முன், உச்ச நீர்மட்டத்தைப் பள்ளிச் சுவர், ரேஷன் கடை, கோயில் மண்டபம் மூன்றிலும் ஒரு நீலக் கோடாக அடித்து வருடம் எழுதச் சொல்லுங்கள். சுண்ணாம்பில் வேண்டாம், எனாமல் பெயின்ட்டில். அடுத்த தீபாவளிக்குப் பள்ளிக்கு வெள்ளையடிக்கிறவர் அதன் மேலேயும் அடித்துவிடுவார், அதனால் ஒன்றைக் கல்லில் வெட்டிவிடுங்கள்.